கூட வந்து இருந்த அக்கா

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கிழக்கு லண்டனில், எங்கள் பார்க்கிங் ஊரில், பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். மற்றப் பாதிப் பேர் தங்களைப் பற்றியும் ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று தேடுவார்கள். ஏழு வருடம் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். அந்த ஏழு வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒரேயொரு உதவி. நான் செய்யவில்லை. அது உறுத்துவதால்தான் இதை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலை என்றால் சாண்ட்விச் செய்கிற இடம். பெட்ரோல் நிலையங்களிலும் ரயில் நிலையக் கடைகளிலும் முக்கோணப் பெட்டிக்குள் இருக்குமே, அது. உள்ளே வருடம் முழுக்க ஐந்து பாகைக் குளிர். வெள்ளைக் கோட்டு, நீலத் தலைவலை, வாய்மூடி. அந்தக் கோலத்தில் பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. அக்காவை மட்டும் எல்லாருக்கும் தெரியும். அவர் கோழி லைனில் நின்று சிரித்தால் டூனா லைனில் கேட்கும்.

மன்னார்க்காரி. ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டார். பங்குத் திருவிழா லொத்தர் டிக்கெட்டைக் கந்தசஷ்டி விரதக்காரர்களிடமே விற்றுவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் அடுத்தவர் பெட்டிக்குள் கரண்டியை விடுவார், விட்ட பிறகு குறையும் சொல்வார். “உப்புக் காணாது. நீரே சமைச்சனீர்? அதுதானே பாத்தன்” என்பார். அவரைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். முதல் இரண்டு வருடம் நானும் அந்தக் கட்சிதான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரையாவது ஒஃபிசுக்குக் கூப்பிட்டால் தானும் கூடப் போய்ப் பக்கத்தில் இருப்பார். ஒரு தொழிலாளியைப் பிழை பிடித்து விசாரிக்கும்போது, கூட வேலை செய்கிற இன்னொருவர் துணைக்கு வரலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். யூனியன்காரர் என்றாலும் வரலாம், எங்களிடம் யூனியன் இல்லை. இந்தச் சட்டம் எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் கேட்கமாட்டார்கள். அக்கா கேட்காமலே போவார். போய் அதிகம் கதைக்கவும் மாட்டார். சின்ன டயரி ஒன்றைத் திறந்து நேரத்தை எழுதுவார். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவார். வேகமாகக் கதைத்தால் “ஆறுதலாச் சொல்லுங்கோ, எழுதவேணும்” என்று ஆங்கிலத்தில் சொல்வார். தான் சொல்வதைப் பக்கத்தில் ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தால் எந்த மனேஜருக்கும் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

அந்த டயரியில் வேறு ஒரு சங்கதியும் இருந்தது. அப்போதைய சட்டப்படி ஒரு இடத்தில் இரண்டு வருடம் முடிந்தால்தான், அநியாயமாக நிறுத்தினார்கள் என்று வழக்குப் போடலாம். அதற்கு முதல் என்றால், சில காரணங்கள் தவிர, போ என்றால் போகவேண்டியதுதான். அக்கா புதிதாக வருகிற ஒவ்வொருவரும் சேர்ந்த திகதியைக் கேட்டுக் குறித்து வைத்திருப்பார். “உமக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு. அதுமட்டும் வாயை மூடிக்கொண்டு நில்லும், பிறகு பாப்பம்” என்பார். இரண்டு வருடம் நிறைந்த அன்றைக்கு ஆளைத் தேடிப் போய், கடதாசியில் சுற்றிய பட்டர் கேக் துண்டொன்றைக் கையில் வைப்பார். “இனி உம்மை நினைச்ச பாட்டுக்கு அனுப்பேலாது.” பிறந்தநாளை மறந்துபோன பெடியங்கள்கூட அந்தக் கேக்கை மறக்கமாட்டார்கள்.

எங்கள் ஷிப்டின் மனேஜரும் எங்கள் ஆள்தான். என் கடைசித் தம்பியைவிட இளையவன் என்பதால் இங்கே ‘அவன்’ என்று எழுதுகிறேன். நேரில் அந்தத் துணிவு கிடையாது. கெட்டவன் என்று சொல்லமாட்டேன். சிரித்த முகம். “அண்ணை, அக்கா” என்று முறை வைத்துத்தான் கூப்பிடுவான். ஆட்களை வேலையை விட்டு அனுப்புவதும் அதே முறை வைத்துத்தான். “அண்ணை, சும்மா ஒருக்கா வந்திட்டுப் போங்கோ, ஒரு கதை” என்பான். போனால் மேசையில் வெள்ளைக் கடதாசி இருக்கும், பேனை இருக்கும். “விசாரணை அது இதெண்டு போனால் பெயர் கெட்டுப்போகும். நீங்களே விடுற மாதிரி எழுதித் தந்தால் மரியாதை. நல்ல ரெபரன்ஸும் தருவம்.”

எங்கள் ஆட்கள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நிறுத்தினார்கள் என்பது எங்களுக்கு வெட்கம். கோயிலில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள், ஊரில் இருக்கிற மச்சான் வட்ஸ்அப்பில் கேட்பான். நானே விட்டுவிட்டேன் என்றால் தலை நிமிர்ந்து நிற்கலாம். அதனால் எங்கள் தொழிற்சாலையை விட்டுப் போன எல்லாருக்கும் நாரி நோவு, இடுப்பு வலி. பார்க்கிங்கில் தமிழருக்கு ஏன் இவ்வளவு நாரி நோவு என்று டொக்டர்மாரே யோசித்திருப்பார்கள். நானே விட்டேன் என்று கைப்பட எழுதிக் கொடுத்தவர், பிறகு வழக்கு என்று போனால் ஆர் நம்புவார்? அந்தக் கடதாசியோடு எல்லாம் முடிந்துவிடும்.

அக்காவும் ஒருகாலத்தில் அப்படி எழுதிக் கொடுத்தவர்தான். வந்த புதிதில் சொந்த மச்சானின் கடையில் வேலை. ஒருநாள் வேண்டாம் என்றார்கள். கால் ஏலாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் கால் நோ என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது அந்த மச்சானின் மனைவியே வந்து, “இப்ப கால் எப்பிடி?” என்று கேட்டிருக்கிறார்.

“அவவுக்குத் தெரியும் தம்பி, எனக்குக் கால் நோ இல்லையெண்டு. தெரிஞ்சுகொண்டுதான் கேட்டவ. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. பொய்யைக் காவிக்கொண்டு திரியிறது நான், நல்ல பெயர் அவைக்கு.”

அதற்குப் பிறகு அவருக்கு இந்த விஷயத்தில் வெட்கம் என்பதே விட்டுப்போயிற்று. அடுத்தவர்களுக்கும் அப்படி விட்டுப்போகவேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் கஷ்டம். ஈஸ்ட்ஹாமில் ஒரு சாமத்தியவீட்டில், பூப்பு நீராட்டு விழாவில், நாரி நோவால் வேலையை விட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம், அவருடைய சம்பந்தி பக்கத்தில் நிற்க, “நிப்பாட்டினவையோ, நீராத்தான் விட்டனீரோ?” என்று கேட்டார். அந்த மனிதர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலை எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அக்கா செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன்.

என் முறை ஆறாவது வருடம் வந்தது. நான் லேபல் ஒட்டும் மெஷினில் நின்றேன். ஒருநாள் டூனா சாண்ட்விச்சில் கோழி லேபல் ஒட்டுப்பட்டு லொறியில் ஏறிவிட்டது. மீன் ஒத்துக்கொள்ளாத ஒருவர் சாப்பிட்டிருந்தால் உயிர் ஆபத்து. நல்லகாலம், லொறியைத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த நாள், “அண்ணை, சும்மா ஒருக்கா வாங்கோ.”

உள்ளே மனேஜரும் எச்.ஆரில் இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் இருந்தார்கள். மேசையில் கடதாசியும் பேனையும் தயார். அவன் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு நன்றியுணர்ச்சியே வந்துவிட்டது. மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். மானத்தைக் காப்பாற்றித் தருகிறானே என்று நினைத்தேன். ஊரில் நான் அலுவலகத்தில் கிளறிக்கல் வேலை பார்த்தவன், கடிதம் எழுத வரும். அழகான கையெழுத்தில், இத்தனை வருடம் வேலை தந்ததற்கு நன்றி என்று தொடங்கினேன். என்னை வெளியே தள்ளுகிறவனுக்கு நானே நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். நாரி நோவு என்று போடுவதா, குடும்ப நிலைமை என்று போடுவதா என்று யோசித்தபோது கதவு தட்டுப்பட்டது.

தலைவலையோடு அக்கா நின்றார்.

“அக்கா, இது விசாரணை ஒண்டும் இல்லை. சும்மா கதைக்கிறம்” என்றான் மனேஜர்.

“சும்மா கதைக்கிறதெண்டால் பேனை என்னத்துக்குத் தம்பி?”

பிறகு அதையே எச்.ஆர். பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அக்காவின் ஆங்கிலத்தில் அலங்காரம் கிடையாது, ஆனால் யாருக்கும் விளங்காமல் போனதும் கிடையாது. ஐந்து நிமிடம் வேண்டும் என்று சொல்லி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

“நீர் பிழை விட்டனீரோ?”

“தெரியேல்லை அக்கா. லேபல் ரோலை மாத்தினது நானோ எண்டு ஞாபகம் இல்லை.”

“தெரியாமல் என்ன கோதாரிக்குக் கும்பிட்டு எழுதிக்கொண்டிருக்கிறீர்? முறையா விசாரிக்கச் சொல்லும். நான் வாறன்.”

ஒரு கிழமை கழித்து முறையான விசாரணை நடந்தது. அக்கா என் பக்கத்தில் இருந்தார். அன்று முழுக்க ஒரேயொரு விஷயம்தான் கேட்டார்: லேபல் ரோல் மாற்றிய நேரம் எழுதுகிற தாள். தாள் வந்தது. ரோல் மாறியது என் தேநீர் இடைவேளையில். மாற்றியவர் வேறு ஆள். திரும்பி வந்த நான் சரிபார்க்காமல் மெஷினை ஓட விட்டிருக்கிறேன். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை தந்தார்கள், வேலை தப்பியது. வெளியே வந்து நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

“வோர்னிங் தந்தது சரிதான்” என்றார் அக்கா. “நீர் பாத்திருக்கவேணும். ஆரும் செத்திருந்தால்?”

ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷி. ஆனால் அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததை நடந்தபடி சொல்ல முடிந்தது. அதற்கு முதல் வேலைத்தலத்துக் கதை எதையும் நான் வீட்டில் அப்படிச் சொன்னதில்லை.

அதற்கு ஒன்றரை வருடம் கழித்து அக்காவின் முறை. குளிர் அறையின் வெப்பநிலையை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதவேண்டும். ஆள் பற்றாக்குறையில் மூன்று நாள் யாரும் எழுதவில்லை. சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றதும், அந்த மூன்று நாள் கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்துப் போடச் சொல்லி மனேஜர் அக்காவிடம் நீட்டினான். “நான் பாக்காததை நான் எப்பிடி எழுதுறது?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கிழமையே அவர் மேல் குற்றச்சாட்டுகள் முளைத்தன. குரல் உயர்த்திக் கதைத்தார், சொல் கேட்கவில்லை, மற்றவர்களைக் குழப்புகிறார். கடைசியாகச் சொன்னது ஓரளவுக்கு உண்மையும்கூட. விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்று அதிலேயே போட்டிருந்தது.

பஸ் தரிப்பில் வைத்துத்தான் என்னிடம் கேட்டார்.

“வியாழக்கிழமை பத்து மணிக்கு என்னோட வந்து இருக்க ஏலுமோ தம்பி?”

மகளின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மனேஜரின் மனைவிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அந்த ஒரு நிமிடத்தில் என் மனம் எங்கெங்கேயோ ஓடி வந்தது.

“வியாழன் எனக்கு டொக்டர் அப்பொயிண்ட்மென்ட் அக்கா” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். “சரி. போய் வடிவாக் காட்டும்” என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

இன்னும் ஆறு பேரிடம் கேட்டாராம். ஆறு பேருக்கும் அந்த வியாழக்கிழமை ஏதோ ஒரு வேலை இருந்தது. எல்லாரும் அவர் கையால் கேக் வாங்கித் தின்றவர்கள். அக்கா தனியாகப் போனார். “என்ர ஹாண்ட்பாக்கைத்தான் பக்கத்துக் கதிரையில வச்சனான். அது ஒழுங்கா இருந்தது, ஒண்டும் கதைக்கேல்லை” என்று பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பு லைன் தாண்டிக் கேட்கிற சிரிப்பாக இருக்கவில்லை.

நிறுத்திவிட்டார்கள். அக்கா அதைப் பரீட்சை முடிவு மாதிரி எல்லாருக்கும் சொன்னார். பூசை முடிந்து வாசலில் சுவாமியார் சுகம் விசாரித்தபோது, சனம் சுற்றி நிற்க, “வேலையால நிப்பாட்டிப் போட்டினம் ஃபாதர். பிழையா நிப்பாட்டிப் போட்டினம்” என்றார். புடவைக்கடையில் சொன்னார். பஸ்ஸில் சொன்னார். நாரி நோவுக்காரரின் மனைவிமார் அவரைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் போனார்கள். மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்காவிட்டால் வழக்குப் போட முடியாது. கடைசித் திகதியை டயரியில் வட்டம் போட்டு வைத்துவிட்டு, அதற்கு ஐந்து கிழமைக்கு முதலே வேலையை முடித்துவிட்டார்.

வழக்கு எடுபட ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் மகளின் கல்யாணமும் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு என் தொழிற்சாலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவர்கள் விசாரித்ததெல்லாம் மண்டபத்தில் கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்பதை மட்டும்தான். இந்த மனிதர்களுக்குப் பயந்தா அக்காவைத் தனியே அனுப்பினேன் என்று நினைக்க எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

வழக்கு விசாரணை நாளில் லீவு எடுத்துக்கொண்டு தொழில் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அக்கா வக்கீல் வைக்கவில்லை, தானே கதைத்தார். அந்த மூன்று நாள் கட்டங்கள் வெறுமையாக இருந்ததையும், நிரப்பச் சொன்னதையும் மனேஜரே ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. யார் சொல்லி அப்படிச் செய்தாய் என்ற கேள்விக்கு அவன் பக்கத்தில் இருந்த பெரிய மனேஜரைப் பார்த்தான். அவர் கூரையைப் பார்த்தார். சில கிழமை கழித்துத் தீர்ப்பு வந்தது. அநியாயமாகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று எழுத்தில் இருந்தது.

அன்று போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். டொக்டர் கதை பொய் என்று சொன்னேன்.

“தெரியும் தம்பி. நீர் பயந்தனீர். பயந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் உம்மையும் நான்தான் பாத்திருக்கவேணும்” என்றார். பிறகு, “மனவருத்தம் இல்லையெண்டு சொல்லமாட்டன்” என்றார்.

அக்கா திரும்பி வரவில்லை. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அங்கேயும் பிள்ளைகளின் சாப்பாட்டில் உப்புக் காணாது என்று சண்டை தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

“நாளைக்குப் பத்து மணிக்கு நீர் வேலையிலயோ?”

“ஓம் அக்கா.”

“பெடியனை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கினம். எனக்கு போன் எடுத்து அழுறான். எழுதிக் குடுத்திட்டுப் போகவோ எண்டு கேக்கிறான்.”

யாரைச் சொல்கிறார் என்று விளங்க எனக்கு ஒரு கணம் எடுத்தது. மனேஜரைத்தான் சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எழுதிக் குடுக்கட்டும் அக்கா. எத்தினை பேரிட்ட எழுதி வாங்கினவன். உங்களையே நிப்பாட்டினவன்.”

“அதை நான் மறக்கேல்லை. அவன் செய்தது பிழை. அதை அவன்ர முகத்துக்கு நேர சொல்லட்டும், அவன் சொல்லுறதையும் கேக்கட்டும், மேல இருந்து ஆர் சொன்னது எண்டதையும் விசாரிக்கட்டும். அதுக்குப் பிறகு நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டட்டும். இப்ப அந்தத் தாள் விசயம் எல்லாத்தையும் அவன்ர தலையில கட்டிப்போட்டு மேல இருக்கிறவை நல்ல பிள்ளையா இருக்கப் பாக்கினம்.”

“அப்ப நீங்கள் போங்கோவன்.”

“நான் இப்ப அங்க வேலை செய்யிற ஆள் இல்லை. உள்ளுக்கு விடமாட்டினம். அங்க வேலை செய்யிற ஒராள்தான் போய் இருக்கலாம்.”

கடைசியில் கேட்டேவிட்டேன். “என்ர வேலைக்கு ஏதும் வந்தால்?”

“துணைக்குப் போனதுக்கு உம்மை நிப்பாட்டினால் அவைக்கு அது இன்னும் பெரிய கரைச்சல். அதுக்கு ரெண்டு வருசக் கதையும் இல்லை.” பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. “கட்டாயம் இல்லைத் தம்பி. ஏலாதெண்டால் ஏலாது எண்டு சொல்லும், நான் வேற ஆளைப் பாப்பன். சாட்டு மட்டும் சொல்லாதையும்.”

“போறன் அக்கா” என்றேன்.

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒஃபிஸ் வாசலுக்குப் போனேன். அவன் தனியாக நின்றான். என்னைக் கண்டதும் முகம் வெளிறிப்போயிற்று. தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான். “அக்கா அனுப்பினவ” என்றேன். அவன் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே அதே எச்.ஆர். பெண். என் பெயரையும் எந்த லைன் என்பதையும் கேட்டு எழுதினாள். நீங்கள் இவருடைய நண்பரா என்று கேட்டாள்.

“இல்லை” என்றேன்.

“உறவினரா?”

“இல்லை.”

“அப்படியென்றால் ஏன் வந்தீர்கள்?”

“இவர் இங்கே தனியாக இருக்கக்கூடாது என்பதற்காக” என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.